மணி இல்லாத இசைத்தட்டு

வடக்கு ஜப்பானில், மொரியோகாவில் நகாட்சு ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் வருகிற சின்னத் தெருவில், முடிதிருத்தும் கடைக்கு அடுத்ததாக இருப்பது குமகாய் இசைத்தட்டுக் கடை. கடைக்கு இரண்டு முதலாளிகள், புருஷனும் பெண்டாட்டியும். இசை விஷயத்தில் இருவருக்கும் ஒத்துப்போனதாகச் சரித்திரமே கிடையாது. தொகுஜி பின்னறையில் உட்கார்ந்து பழுதான ஆம்ப்ளிஃபயர்களைப் பிரித்துப் பரப்பிக்கொண்டு, தன் இளவயதுத் தட்டுகளை மட்டும் கேட்பார். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் வெறும் சத்தம் என்பது அவர் கட்சி. மிசுயே முன்னால் உட்கார்ந்து, புதிதாக வருகிற எதையும் விடாமல் கேட்பாள். கேட்டு முடித்த கையோடு உள்ளங்கை அகல அட்டையில் தடித்த பேனாவால் நாலு வரி எழுதி, அந்தத் தட்டின் மேலேயே ஒட்டிவிடுவாள்.

அந்த அட்டைதான் கடையின் உயிர். மேல்பாதியில் புதிய தட்டைப் பற்றி அவளுக்குத் தோன்றியது இருக்கும். கீழ்ப்பாதியில் 'துணைக்கு' என்று போட்டு, ஒரு பழைய தட்டின் பெயர். புதியது தனியாக வீட்டுக்குப் போகக் கூடாது, தெரிந்த முகம் ஒன்று கூடப் போக வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். துணைக்கு வந்த பழையதைக் கேட்டுப் பழகி, பிறகு புதியதற்குள் நுழைந்தவர்கள் அந்த ஊரில் ஏராளம். சென்தாய் நகரத்திலிருந்து ரயில் ஏறி அட்டை படிக்க மட்டுமே வருகிறவர்களும் உண்டு.

அவள் நாக்கைப் போலவே பேனாவும் கொஞ்சம் நீளம். "இந்தப் பாடகர் அழ வேண்டிய அளவைவிட ஒரு பாட்டு அதிகமாக அழுகிறார். அந்தப் பாட்டு வரும்போது எழுந்து போய்த் தேநீர் போட்டுக்கொள்ளவும்" என்று எழுதுவாள். அந்தத் தட்டு அந்த வாரமே தீர்ந்துபோகும்.

அந்த வருஷக் கோடையில் மிசுயே நல்ல மனநிலையில் இருந்தாள். காரணம், முடிதிருத்தும் குதோ. வருஷா வருஷம் வெயில் தொடங்கியதும் அவர் தன் மாடியின் பின்பக்க ஜன்னலில், காற்றில் ஆடி ஒலிக்கிற ஓர் இரும்புக் காற்றுமணியைக் கட்டிவிடுவார். கூரைச் சரிவு மறைப்பதால் அது அவள் கண்ணில் பட்டதே இல்லை. காதில்தான் பட்டுத் தொலைக்கும். மொரியோகாக்காரியான அவளுக்குக் காற்றுமணி என்றாலே எரிச்சல். வார்ப்பு இரும்புக்குப் பேர்போன ஊர் என்று சொல்லிச் சொல்லி விடுதி வாசல், வங்கி, வறுவல் டப்பா வரைக்கும் அதைத் தொங்கவிட்டு விற்கிறார்கள். புதிதாக ஏதாவது தட்டு கேட்டு அட்டை எழுதலாம் என்று உட்கார்ந்தால் நடுவில் இவர் மணி ணங் ணங்கென்று தாளம் போடும். இந்த வருஷம் ஆடி முடிந்தும் சத்தத்தையே காணோம். மனுஷனுக்கு ஒருவழியாகப் புத்தி வந்துவிட்டது என்று மகிழ்ந்து, கோடைக்காலப் பரிசாக நல்ல முலாம்பழம் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். எதற்கு என்று குதோ விழித்தார். "எல்லாம் உங்க நல்ல மனசுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

அயாமேயின் தட்டு வந்ததும் அப்போதுதான். அயாமே உள்ளூர்ப் பெண், முப்பதைத் தாண்டியவள். தோக்கியோவில் சில வருஷம் பியானோ வாசித்துவிட்டு ஊர் திரும்பி, தன் சொந்தச் செலவில் 'ஆற்றோர அறை' என்று ஒரு தட்டு கொண்டுவந்திருந்தாள். வெறும் பியானோ. மிசுயே இரண்டு பக்கமும் கேட்டாள், மறுபடி இரண்டாம் பக்கம் கேட்டாள். அதில் அந்தப் பெண் ஒரு சுரத்தைத் தொட்டுவிட்டு நிறுத்துவாள். நிறுத்தி, வெகுநேரம் காத்திருந்து, அடுத்ததைத் தொடுவாள். இந்த வயதில் இவ்வளவு பொறுமையா என்று மிசுயேவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. உட்கார்ந்து எழுதினாள்:

"மொரியோகாப் பெண்ணின் தட்டு. ஆனால் காற்றுமணி இல்லை. இந்த ஊர்ப் பெயரைச் சொல்லி விற்க வந்தவர்களில் மணி அடிக்காத முதல் ஆள் இவர். இரண்டாம் பக்கத்தை அதன் அமைதிக்காகவே வாங்கலாம்."

துணைக்கு, குளிர்கால இரவுகளுக்கென்றே செய்தது போன்ற ஒரு பழைய பியானோத் தட்டின் பெயரைப் போட்டாள்.

அட்டை போட்டதிலிருந்து கடையில் ஒரே சிரிப்பு. வருகிறவர்கள் படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினார்கள். பல் டாக்டர் ஒருவர், பல வருஷ வாடிக்கையாளர், தட்டை வாங்கிப் போனவர் மறுநாளே வந்து, உங்கள் குசும்புக்கு ஓர் அளவே இல்லையா என்று கேட்டுவிட்டுப் போனார். உண்மையைச் சொன்னால் சிரிக்கத்தான் செய்வார்கள் என்று மிசுயே தலையை ஆட்டிவைத்தாள். இதற்கு நடுவே பின்னறையில் தொகுஜி வேறொன்றுக்காகக் கத்திக்கொண்டிருந்தார். அவருக்கு உயிரான ஒரு பழைய தட்டைப் புதிதாக அச்சடித்து வெளியிட்டிருந்தார்களாம். அரிசியைக் கழுவுகிறேன் பேர்வழி என்று சத்தையெல்லாம் கழுவி ஊற்றிவிட்டார்கள் என்று நாள் தவறாமல் புலம்பினார். புதியது என்றாலே இந்த மனிதர் இப்படித்தான் என்று அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமை பகலில் அயாமே நேரிலேயே வந்தாள். அட்டையின் முன்னால் நின்று இன்னொரு முறை படித்து, தோள் குலுங்கச் சிரித்துவிட்டு, மிசுயே முன்னால் வந்து இடுப்பு வளையக் குனிந்து வணங்கினாள்.

"அம்மா, என்னை இதுவரைக்கும் யாரும் இப்படிக் கலாய்ச்சதில்ல. ரெண்டாவது பக்கம் பூரா மணியைப் போட்டுட்டு, ஊருக்குள்ள என்ன சொல்வாங்களோன்னு தூக்கமே இல்லாம கெடந்தேன். 'இவளும் மணி விக்க வந்துட்டாளா'ன்னு கேப்பாங்கன்னு பயம். நீங்க ஒரே போடாப் போட்டுட்டீங்க. சிரிச்சு முடிச்சதும் பயமெல்லாம் போயிடுச்சு."

மிசுயேவின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல்.

அயாமே மேலே பேசிக்கொண்டே போனாள். மணிகள் அவளுடைய மாமாவின் வார்ப்படப் பட்டறையில் செய்தவை. பியானோவுக்குப் பின்னால், திறந்த வாசலுக்கு வெளியே கட்டி, காற்று வருகிறபோது வரட்டும் என்று விட்டுப் பதிவு செய்தது. அடுத்த அச்சுக்குத் தட்டின் உறையைச் சுற்றிப் போடுகிற காகிதப் பட்டியில் அந்த அட்டையின் வரிகளை அப்படியே போட்டுக்கொள்ளலாமா, அனுமதி வேண்டும் என்றாள். ஞாயிற்றுக்கிழமை வா, யோசித்துச் சொல்கிறேன் என்று மிசுயே எப்படியோ சொல்லி அனுப்பினாள்.

அயாமே தெருமுனை திரும்பினாளோ இல்லையோ, மிசுயே காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு இரண்டாம் பக்கத்தைப் போட்டாள். பியானோ. நிறுத்தம். பியானோ. சத்தத்தைக் கூட்டினாள். பியானோ பெரிதாயிற்று, நிறுத்தமும் பெரிதாயிற்று. நிறுத்தத்துக்குள் ஒன்றுமே இல்லை. ஹெட்ஃபோன் கெட்டிருக்கும் என்று வேறொன்றை மாட்டினாள். அதிலும் அதேதான். அவளுக்குப் பெரிய படிப்பு கிடையாது, பிள்ளைகள் கிடையாது, அழகுக்கும் பேர்போனவள் இல்லை. இந்த ஊரில் அவள் பேர் சொல்ல இருப்பது இரண்டு காதுகள். அவை கேட்டதைச் சொன்னால் ஜனங்கள் நம்பி வாங்குவார்கள். அந்த நம்பிக்கையின் மேல்தான் கடை நிற்கிறது, அவளும் நிற்கிறாள்.

பிறகு கோபம் வந்தது. அந்தப் பெண் பதிவு செய்த லட்சணம் அப்படி, என் காதைச் சொல்லி என்ன பயன் என்று தோன்றியது. சோதித்துப் பார்த்துவிடலாம். மணிச் சத்தம் கேட்கிற தட்டு ஒன்று அவளுக்குத் தெரியாதா என்ன. உலகத்திலேயே அவளுக்கு நன்றாகத் தெரிந்த மணி அதுதான்.

அவளுக்கு இருபது வயதில், ரயில் நிலையத்துக்குப் பின்னால் 'கருங்கல்' என்று ஒரு காப்பிக்கடை இருந்தது. காப்பிக்கடை என்றால் அரட்டைக்கான இடம் இல்லை. சுவர் உயர ஸ்பீக்கர் முன்னால் கோயிலில் உட்காருவதுபோல உட்கார்ந்து இசை கேட்கிற இடம். பேசக் கூடாது என்று பலகையே மாட்டியிருக்கும். கனைத்தால்கூட முதலாளி திரும்பிப் பார்ப்பார். ஒரு கோப்பைக் காப்பியை வைத்துக்கொண்டு மாலை முழுக்க உட்காரலாம். சொந்தமாகத் தட்டு வாங்க வக்கில்லாத பிள்ளைகளெல்லாம் அங்கேதான் கிடப்பார்கள். அந்தக் கடையிலேயே ஒரு கோடை மாலையில் உள்ளூர் மூவர் குழு ஒன்று வாசித்ததைப் பதிவு செய்து தட்டாக்கியிருந்தார்கள். 'ஜன்னல் திறந்த மாலை' என்று அதற்குப் பெயர். குளிர்சாதனம் பழுதாகி ஜன்னலைத் திறந்துவைத்து வாசித்தது. மெதுவான இரண்டாம் பாட்டின் நடுவில் எல்லோரும் ஓய்கிற ஓரிடத்தில், ஜன்னலில் கட்டியிருந்த காற்றுமணி ஒரே ஒரு தடவை அடிக்கும்.

அந்த மணி தட்டில் இருந்தது. அதே மணி அதே ஜன்னலிலும் தொங்கிக்கொண்டிருந்தது. அதனால் புதிதாக வருகிறவர்கள் அந்த இடம் வந்ததும் ஜன்னலைத் திரும்பிப் பார்ப்பார்கள். பழையவர்கள் பார்க்க மாட்டார்கள், உதட்டோரம் சிரித்துக்கொள்வார்கள். மிசுயேவும் முதல்நாள் திரும்பித்தான் பார்த்தாள். எதிர் நாற்காலியில் நீள முடியும் கிழிந்த ஸ்வெட்டருமாக இருந்த ஒருவன், பேச முடியாததால் மேசையை விரலால் ஒருமுறை தட்டி, அவள் பார்த்ததும் அதே விரலை ஸ்பீக்கர் பக்கம் நீட்டினான். அங்கே இல்லை, இங்கே என்று அர்த்தம். அதுதான் தொகுஜி அவளிடம் முதன்முதலில் பேசியது. அந்தக் கோடை முழுக்க அவர்கள் பேசிக்கொண்டதும் அவ்வளவுதான். தட்டு வரும், மணி வரும், அவன் தட்டுவான். இலை உதிர்கிற சமயத்தில் மணி வரும்போது இருவர் விரலும் சேர்ந்து தட்டின. பனி விழுவதற்குள் கல்யாணப் பேச்சு வந்துவிட்டது. கடை போய்விட்டது, முதலாளி போய்விட்டார், அந்த இடத்தில் இப்போது வண்டி நிறுத்துகிறார்கள்.

பின்னறைக் கதவில் தலையை நீட்டி, 'ஜன்னல் திறந்த மாலை'யைப் போடச் சொன்னாள். தொகுஜி ஆச்சரியமாகப் பார்த்தார். கடை நேரத்தில் அவள் பழையதைக் கேட்பதே கிடையாது. கையில் அகப்பட்டதை உறையிலிருந்து உருவிப் போட்டுவிட்டு, ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் உதட்டில் விரல் வைத்தாள்.

முதல் பாட்டு முடிந்தது. இரண்டாம் பாட்டு தொடங்கியது. டிரம்ஸ் அடங்கி, பாஸ் அடங்கி, பியானோ மூச்சு வாங்குகிற இடம் வந்தது. மணி அடித்தது. சன்னமாக, தெளிவாக, திறந்த ஜன்னலின் வாடைகூட வந்தது. மிசுயே வெற்றியோடு மேசையை விரலால் தட்டினாள்.

தொகுஜி தட்டவில்லை.

"கேட்டுச்சா? எனக்கு நல்லாக் கேட்டுச்சு. என் காதுக்கு ஒண்ணுமில்ல. அந்தப் பொண்ணுதான் ஒழுங்காப் பதிவு பண்ணல" என்றாள்.

அவர் எழுந்து போய் ஊசியைத் தூக்கினார். திரும்பி வந்து உட்கார்ந்தார். அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிற மனிதர் இல்லை அவர்.

"மிசுயே, நம்ம பழைய ரெக்கார்டு வீட்டுல இருக்கு. இது இப்ப புதுசா அச்சடிச்சது. இதுல அந்த மணி இல்ல. இரைச்சலை எடுக்கறேன்னு அதையும் தொடச்சு எடுத்துட்டானுங்க. ரெண்டு வாரமா நான் கத்திட்டிருக்கறது அதுக்குத்தான்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது அழுகை வரவில்லை, குளிர்ந்தாற்போல இருந்தது. அப்படியானால் பழையதை அவள் எத்தனை காலமாகக் காதால் கேட்கவில்லை? மனசு பாடுகிறது, காது கேட்டதாக நினைத்துக்கொள்கிறது. மனசுக்குத் தெரியாத புதியது வரும்போது மட்டும் குட்டு வெளிப்பட்டுவிடுகிறது.

"போன மாசம் சோறு வெந்ததும் ரைஸ் குக்கர் கீச்சுன்னு சத்தம் போடலன்னு உங்ககிட்ட ரிப்பேருக்குக் கொடுத்தேனே" என்றாள் மெதுவாக.

"ம்."

"சரி பண்ணிட்டேன்னு சொன்னீங்களே."

"அது கெட்டுப்போகவே இல்ல" என்றார் தொகுஜி, தரையைப் பார்த்துக்கொண்டு.

அன்று சாயங்காலம் அவள் அயாமேயின் அட்டையைக் கழற்றினாள். பிறகு கை நிற்கவில்லை. அந்த வருஷம் எழுதிய எல்லா அட்டைகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றினாள். எதில் எதைக் கேட்காமல் விட்டாளோ, யார் கண்டது. வெள்ளிக்கிழமை வந்தவர்கள் மொட்டையாக நின்ற அலமாரிகளைப் பார்த்துவிட்டு, கடையை மூடப்போகிறீர்களா என்று கேட்டார்கள். துடைத்துக்கொண்டிருக்கிறோம் என்று தொகுஜி சமாளித்தார். இனிமேல் எழுதமாட்டேன் என்று அவரிடம் சொல்லிவிட்டாள். அந்தப் பெண்ணுக்கு என்ன சொல்வது என்பதுதான் இரண்டு நாளாக அவளை அரித்துக்கொண்டிருந்தது. பேசாமல் சரி என்றால் போதும். ஊர் முழுக்க அதை நல்ல நகைச்சுவை என்று கொண்டாடுகிறது. பட்டியில் அச்சாகும், பேர் கிடைக்கும், யாருக்கும் தெரியாது. ஆனால் ஒவ்வொரு பட்டியும் அவளுக்கு மட்டும் தெரிந்த ஒரு பொய்யைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போகும். அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அயாமே வந்ததும், உட்காரக்கூடச் சொல்லாமல் ஆரம்பித்துவிட்டாள்.

"நான் உன்னைக் கலாய்க்கல பொண்ணு. மணி எனக்குக் கேக்கவே இல்ல. நெஜமாவே இல்லன்னு நெனச்சுத்தான் எழுதினேன். மணி மாதிரி கீச்சுன்னு வர்ற சத்தத்துக்கெல்லாம் எனக்குக் காது போயிருச்சு. அந்த வரியைப் போடாதே."

அயாமே கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள். மிசுயேவைப் பார்த்தாள், மொட்டை அலமாரிகளைப் பார்த்தாள். பிறகு தயங்கிக் கேட்டாள்.

"அப்ப, அமைதி நல்லாருக்குன்னு எழுதினீங்களே, அது?"

"அது பொய்யில்ல. ஒரு சுரத்தை வாசிச்சிட்டு நீ காத்துக்கிட்டு இருந்தே பாரு, அதுதான் எனக்குப் பிடிச்சது."

"மணி அடங்கட்டும்னுதாம்மா காத்துக்கிட்டு இருந்தேன்" என்றாள் அயாமே.

பின்னறைக் கதவு திறந்தது. தொகுஜி நெற்றியில் ஏற்றிய கண்ணாடியும், ஈயம் பற்றவைத்த வாசனையுமாக வெளியே வந்தார். அலமாரியிலிருந்து 'ஆற்றோர அறை'யை எடுத்து, இரண்டாம் பக்கம் மேலே இருக்கும்படி வைத்து, ஊசியை இறக்கினார். இத்தனை வருஷத்தில் அவர் தன் கையால் ஒரு புதிய தட்டைப் போட்டு மிசுயே பார்த்தது அதுதான் முதல் தடவை. நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, அவள் மணிக்கட்டைப் பிடித்து மேசைமேல் வைத்துக்கொண்டார்.

பியானோ ஒரு சுரத்தைத் தொட்டது. நின்றது. அவர் விரல் அவள் மணிக்கட்டில் ஒருமுறை தட்டியது.

அவள் சட்டென்று திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் தட்டு சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி பியானோ, மறுபடி நிறுத்தம். இப்போது விரல் இரண்டு தடவை, கொஞ்சம் விட்டு மெதுவாக மூன்றாவது. காற்று வந்திருக்கிறது போலும். ஒன்றுமில்லாமல் கிடந்த நிறுத்தங்களில் என்னென்னவோ நடந்துகொண்டிருந்தன. வேகமாக, தயங்கி, வெகுதூரத்தில் போல லேசாக அவர் தட்டிக்கொண்டே போனார். பேசக் கூடாது என்ற பலகைக்குக் கீழே, கிழிந்த ஸ்வெட்டர் போட்டவன் எதிரே உட்கார்ந்திருந்த காலம் அப்படியே திரும்பி வந்தது. மிசுயேவுக்கு அழுகை வந்துவிட்டது, துடைத்துக்கொள்ள இன்னொரு கை இருந்தது. கதவோரம் நின்ற அயாமே மூச்சுவிடக்கூட யோசித்தாள்.

பக்கம் முடிந்தது. தொகுஜி எழுந்து ஊசியைத் தூக்கி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "பியானோ பரவாயில்ல" என்றார். அவர் வாயிலிருந்து வந்ததால் அது பெரிய விருது என்பது அயாமேவுக்குத் தெரிய நியாயமில்லை.

மிசுயே மூக்கை உறிஞ்சிக்கொண்டு இழுப்பறையைத் திறந்து ஓர் அட்டையும் பேனாவும் எடுத்தாள். "இதில் மணி இருக்கிறது" என்று எழுதினாள். "எனக்குக் கேட்காது. கேட்கிற ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கேட்டேன். நீங்களும் அப்படியே கேளுங்கள்." அதன் கீழே 'துணைக்கு' என்று போட்டு, இத்தனை காலமாக எந்த அட்டையிலும் யாருக்கும் விட்டுக்கொடுக்காத 'ஜன்னல் திறந்த மாலை'யின் பெயரை எழுதினாள். பழைய அச்சு மட்டும் என்று சேர்த்தாள். மை காயட்டும் என்று இடது கையால் அட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, தொகுஜியின் விரல் அவள் மணிக்கட்டில் மறுபடி தட்டியது.

"ரெக்கார்டுதான் முடிஞ்சு போச்சே. எதுக்குத் தட்டறீங்க?"

அவர் பின்பக்கச் சுவரை முகவாயால் காட்டினார். "குதோ வீட்டு மாடி."

"அவர் இந்த வருஷம் மணி கட்டலையே?"

"மே மாசமே கட்டிட்டாரு" என்றார் தொகுஜி. இன்னொரு தடவை தட்டினார். "அந்த முலாம்பழம் எதுக்குன்னு பாக்கறப்பெல்லாம் என்னைக் கேக்கறாரு."

மிசுயே கையை எடுக்கவில்லை. காற்று நிற்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.